பவ்யா பேசும் தமிழ்

8 ஜனவரி 2025, புதன்

காலை ரயில் வண்டி இந்து காலேஜ் ஸ்டேஷனில் நின்றது நின்றதுதான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அம்பத்தூரில் இறங்கி ஓடியும் லேட். கால் சென்டரில் டீம் லீடர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினில் தண்ணீர் வரவில்லை என்று ஊரெல்லாம் போன் செய்கிறது, அதைக் கேட்டுக்கொள்ள நான் சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். போனில் முகம் தெரியுமா என்ன?

சாயங்காலம் பவ்யாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரரைப் பார்த்து, "நண்பர்களே, தாமதிக்க நேரமில்லை. நாம் உடனே புறப்பட வேண்டும்" என்றாள். நான்கு வயது இன்னும் முடியவில்லை. அவர் உப்புப் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, மேடைல பேசறவங்க கணக்கா பேசுது. எம் பசங்க இன்னும் இன்னா நைனா, வா நைனான்னு கெடக்குதுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். என் தமிழால் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். முதல் இன்டர்வியூவில், ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலைக்கு, "இப்படிப் பேசினா வர்ற பேஷன்ட் ஓடிடுவாங்க" என்றார்கள். இப்போது இருக்கும் வேலையிலும் "இன்னா" என்று ஒரு தடவை வாய் தவறினால், ரெக்கார்டைக் கேட்டு மார்க் குறைத்துவிடுவார்கள். "தங்கள் அழைப்பிற்கு நன்றி, தங்களுக்கு எவ்விதத்தில் உதவலாம்" - நாள் முழுக்க இதுதான். என் மகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. டி.வி.யில் கார்ட்டூன் போட்டுவிடச் சொன்னது நான்தான், அதைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். நல்ல யோசனை.

15 ஜனவரி, புதன். மாட்டுப் பொங்கல்

ஆனந்தன் அண்ணன் திருநின்றவூரிலிருந்து ஆட்டோவில் குடும்பத்தோடு வந்தான். அவன் பையன் அஸ்வினுக்கும் பவ்யா வயதுதான். வாய் ஓயவில்லை. கரும்பைக் கடித்துக்கொண்டே, இது இன்னா, அது இன்னா, அந்த மாடு ஏன் கலர் பூசிகினு கீது என்று உயிரை வாங்கினான். பவ்யா அவன் பக்கம் திரும்பவே இல்லை, டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அவளிடம் கரும்பை நீட்டி, "பாப்பா, வோணுமா?" என்றான்.

"காட்டுக்கு ஆபத்து வந்துவிட்டது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இவர் - ஜெகதீசன் - உடனே போனை எடுத்து வீடியோ பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார். அண்ணன் மறுபடியும் கேட்டான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டான். அதே. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

சமையலறைக்கு வந்து, "தேவி, தப்பா நெனச்சிக்காத. கேட்டதுக்குப் பதிலே வரல. ஒனுக்கு அது தெரியலயா?" என்றான்.

"உம் புள்ள இன்னா கீதுன்னு பேசறான், எம் பொண்ணு நல்ல தமிழ் பேசறா. அதான் உனக்கு எரியுது."

அவன் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டான். போகட்டும்.

16 ஜனவரி, வியாழன்

அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

தெருவில் கொடியேற்றினார்கள். யாரோ ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறார்கள், பவ்யாவை மேடை ஏற்றச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவே இல்லை. ஒரு முழு எபிசோட். யானை பேசியது, நரி பேசியது, கடைசியில் காடு காப்பாற்றப்பட்டது. ஒரே கைதட்டல். டிபன் பாக்ஸ் பரிசு.

பரிசு கொடுத்தவர் குனிந்து, "பேரு இன்னா பாப்பா?" என்றார்.

"பேரு இன்னா பாப்பா" என்றாள்.

அதற்கும் கைதட்டினார்கள். சமத்தாம், குறும்பாம். நானும் தட்டினேன். ஆனால் அண்ணன் சொன்னது வந்து மண்டையில் உட்கார்ந்துகொண்டது. பேர் தெரியாதா அவளுக்கு? கூப்பிட்டால் திரும்புகிறாளே. திரும்புகிறாளா? வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

பவ்யாவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து லோகா அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். லோகநாயகி - இவருக்கு மூத்தவள். புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள், பவ்யாவையும் பார்த்துக்கொள்கிறாள். அவள் இல்லை என்றால் நான் வேலைக்குப் போக முடியாது.

மதியம் போன் செய்து, அழுதுகொண்டே இருக்கிறாள், என்ன என்று தெரியவில்லை என்றாள். பின்னால் பவ்யாவின் குரல் கேட்டது. அழுகையோடு, "பயப்படாதே நண்பா, நான் இருக்கிறேன்... பயப்படாதே நண்பா, நான் இருக்கிறேன்..."

7 பிப்ரவரி, வெள்ளி

லீவு போட்டுவிட்டு ஆவடியில் டாக்டரிடம் காட்டினேன். காது. உள்ளே சீழ் கோத்து உடைந்திருக்கிறது. தலையணையில் ஈரம் இருந்ததை எச்சில் என்று நினைத்திருக்கிறேன் நான்.

"இது ஒரு நாள்ல வர்றது இல்ல. நாலஞ்சு நாளா வலிச்சிருக்கும். குழந்தை சொல்லவே இல்லையா?" என்றார் டாக்டர்.

சொன்னாளே. நண்பா நண்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே. எம் பொண்ணு அத்தினி நல்லா பேசுதுன்னு ஊருக்கெல்லாம் காட்டினனே, காது நோவுதுன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரில அவளுக்கு. இது தெரியாம இன்னா தமிழு. இன்னா மயிரு தமிழு இது.

ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப்போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

15 பிப்ரவரி, சனி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தாட்சாயிணி மேடத்தைப் பார்க்க அம்பத்தூர் போனோம். நான், இவர், லோகா அக்கா மூன்று பேரும். முதலில் காதைப் பரிசோதித்தார், ஆறி வருகிறது, நன்றாகக் கேட்கிறது என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து பவ்யாவோடு பந்து உருட்டினார். ஒவ்வொரு தடவையும் பந்தைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டார். அவள் கேட்பாளா என்று பார்க்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அவள் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து நரி மாதிரி பேசினாள்.

"எவ்வளவு வரி மனப்பாடம் பாருங்க மேடம். அப்ப அறிவு இருக்குதானே?" என்றேன். கேட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

"நல்ல ஞாபகசக்தி. அது வேற, பேச்சு வேறம்மா. தனக்கு வேணுங்கறதைச் சொல்றதுதான் பேச்சு. இப்பவே இதுக்கு ஒரு பேர் வைக்க மாட்டேன். டி.வி.தான் காரணம்னும் சொல்ல மாட்டேன். ஆனா டி.வி. எதையும் திருப்பிக் கேக்காது, பதிலுக்காகக் காத்திருக்காது. அதை நிறுத்திட்டு மூணு மாசம் பேசிப் பாருங்க."

பிறகு, "பகல்ல வீட்டுல யாரு இவளோட நிறையப் பேசறது?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லோகா அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, பகலெல்லாம் அவகூட பேசவே மாட்டியா?"

தையல் மெஷினை நிறுத்தினாள். "நீதான தேவி சொன்ன, எங்கூடப் பேசினா புள்ளைக்கு ஒட்டிக்கும்னு."

"நான் எப்ப..."

"மொத மொத கார்ட்டூனு போட்டியே, அன்னிக்கி. 'நீ பேசாதக்கா, நம்ம பேச்சு ஒட்டிக்கும், டி.வி.யே பேசட்டும்'னு சொன்ன. சொறி ஒட்டிக்கிற மாரி சொன்ன. எனுக்கு வாயத் தொறந்தா இன்னா கீதுன்னுதான் வருது. இன்னா செய்ய? அதான் வாய மூடிகினு தச்சிகினு கெடந்தேன்."

சொல்லியிருக்கிறேன். இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

"நாளையிலிருந்து பேசுக்கா" என்றேன்.

"இன்னாத்த பேசறது?"

"எதையாவது."

"எந்தத் தமிழ்ல?" என்றாள். நக்கலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

17 பிப்ரவரி, திங்கள்

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். வந்தான். செட்டாப் பாக்ஸைக் கழற்றி அவன் ஆட்டோவில் வைத்தோம். பொங்கலன்று நான் சொன்னதை அவன் கிளறவே இல்லை. "எங்கூட்டு பீரோ மேல கெடக்கும், கேட்டாலும் தர மாட்டேன்" என்றான்.

24 பிப்ரவரி, திங்கள்

வீடு சுடுகாடு மாதிரி இருக்கிறது என்று எழுதலாம் என்றால் சுடுகாட்டில் இவ்வளவு அலறல் இருக்காது. எழுந்ததும் டி.வி. முன்னால் போய் நிற்கிறாள். கையால் அடிக்கிறாள். படம் வராது என்று தெரிந்ததும் அவளே எபிசோட் முழுவதையும் அதனிடம் சொல்கிறாள். இவர் கிரிக்கெட் பார்க்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். போனை டிபன் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். ரிங் வந்தால் எடுப்பதற்குள் கட் ஆகிவிடுகிறது.

லோகா அக்கா பேச ஆரம்பித்திருக்கிறாள். கூச்சத்தோடு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல.

12 மார்ச், புதன்

நரி போய்விட்டது, யானை போய்விட்டது. இரண்டு வாரமாக ஒவ்வொரு வரியாகக் குறைந்துகொண்டு வந்து, இப்போது ஒன்றுமே இல்லை. பவ்யா வாயே திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தருகே போய் நிற்கிறாள்.

எதிர்வீட்டு அஞ்சலை குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "நல்லா பேசிகினு இருந்த புள்ளைய ஊமையாக்கிட்டீங்களேமா. இன்னா வைத்தியம் இது?"

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இருந்ததும் போச்சே. நண்பான்னாச்சும் சொல்லிகினு இருந்தா. அந்தக் கொரலாச்சும் ஊட்ல இருந்திச்சி. நான்தான் எல்லாம் பண்ணேன், போட்டதும் நான், புடுங்கினதும் நான்.

அண்ணனுக்குப் போன் போட்டு பாக்ஸைக் கொண்டுவரச் சொன்னேன். இவர் போனைப் பிடுங்கி, "கொண்டாராத மச்சான், அவ அழுதுகினு பேசறா" என்று சொல்லிக் கட் செய்தார். பிறகு அவரும் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணும் சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

20 மார்ச், வியாழன்

ஒரு பெரியவர் லைனில் வந்தார். மெஷின் ரிப்பேர் இல்லை, வீட்டில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன் - "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்." அவர் கடைசியில், "ஏம்மா, நீ மனுஷியா, ரெக்கார்டு போட்டிருக்காங்களா?" என்றார்.

மனுஷிதான் சார் என்றேன். அது எழுதிக் கொடுத்ததில் இல்லை. மார்க் போயிற்று.

6 ஏப்ரல், ஞாயிறு

லோகா அக்கா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் பவ்யாவும் மட்டும். பேச வேண்டும் என்று உட்கார்ந்தேன். சாப்பிடலாமா, குளிக்கலாமா, தூங்கலாமா... அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களோடு நாளெல்லாம் பேசுகிறவள் நான்.

லோகா அக்காவுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ. இப்போது கூச்சமெல்லாம் போய்விட்டது. நூலைத் திட்டுகிறாள், ஊசியைக் கொஞ்சுகிறாள், தைக்க வந்த ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். "தபாரு பவி, இந்தம்மா போன தபா இம்மாத்தூண்டு இருந்திச்சி, இப்ப கை ஏறமாட்டுது. இன்னாத்த துன்னுச்சோ, நம்மளுக்கு ஒரு வாய் குடுத்துச்சா?" பவ்யா மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து அவள் வாயையே பார்க்கிறாள். என் வாயை அப்படிப் பார்த்ததில்லை. பொறாமையாக இருக்கிறது. யாரிடம் சொல்வது, இங்கேதான் எழுத வேண்டும்.

10 ஏப்ரல், வியாழன்

சொன்னாள்.

காலையில் கேழ்வரகுக் கஞ்சியை ஊட்டும்போது என் கையைத் தள்ளிவிட்டு, "வாணா" என்றாள். என் முகத்தைப் பார்த்து. சுவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

லோகா அக்கா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்து நான் செய்ததை எழுதவே கை வரவில்லை. "வேண்டாம். வேண்டாம்னு சொல்லு, பவ்யா" என்றேன். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. பவ்யா என்னைப் பார்த்தாள். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"மொத வார்த்தைக்கே பரீட்சையா?" என்றாள் லோகா அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. வடை, பாயசம். பவ்யா பேசவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

வெயில் இறங்கியதும் பருத்திப்பட்டு ஏரிக்குப் போனோம். இவர் சுண்டல் வாங்கப் போனார். நானும் பவ்யாவும் கரையில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒன்றும் பேசவில்லை. பேசி என்ன கண்டேன் என்று அலுப்பு.

கிட்டத்தில் ஒரு கொக்கு நின்றது. பவ்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அசையாமல் நின்றது, யாரோ ஒரு பையன் கல் எறிந்ததும் எழும்பித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பறந்தது. அது மறையும்வரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "பூட்ச்சி" என்றாள்.

போய்விட்டது. பறந்துவிட்டது. சரியான வார்த்தை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாண்டி. பூட்ச்சி" என்றேன்.

"கொக்கு பூட்ச்சி."

"கொக்கு பூட்ச்சி. எங்க பூட்ச்சி?"

யோசித்தாள். எனக்குத் தெரியும், நான் பார்த்தேன், அவள் யோசித்தாள். நான் காத்திருந்தேன். "ஊட்டுக்கு" என்றாள்.

இவர் சுண்டலோடு வந்து, "ஏன் அழுவற? இன்னா ஆச்சி?" என்று பயந்துவிட்டார். எத்தனை வருஷம் கழித்து என் வாயிலிருந்து பூட்ச்சி என்று வந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது பேசியது.

12 மே, திங்கள்

பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்க்கை. பெரிய பள்ளிக்கூடம்தான், பெயர் எதற்கு. அந்த மேடம், "உன் பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு உடனே பேப்பரைப் பார்த்தார். அவர் தலை நிமிர்வதற்குள் பவ்யா, "பவ்யா" என்றாள். அவர் கேட்டாரோ இல்லையோ, நான் கேட்டேன்.

படம் காட்டி, இது என்ன என்றார்.

"நாயி. கடிக்கும். எங்கூட்டாண்ட கீது."

மேடம் பேனாவை மூடினார். "மற்றதெல்லாம் பரவாயில்ல. பேச்சு ரொம்ப லோக்கலா இருக்கே. வீட்டுல கொஞ்சம் நல்ல தமிழ் பேசுங்க, நல்ல கார்ட்டூன் ஏதாவது போட்டு விடுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. பழைய தேவியாக இருந்தால் அங்கேயே கூனிப் போயிருப்பேன். "எங்க ஊட்ல இப்டித்தான் மேடம் பேசுவோம்" என்றேன். சும்மா சொல்லவில்லை, நன்றாக அழுத்தியே சொன்னேன். வெளியே வந்ததும் இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெரு முனை அங்கன்வாடிக்கே போகட்டும் என்று முடிவு செய்தோம்.

18 மே, ஞாயிறு

தாட்சாயிணி மேடம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "குடு" என்றாள். கொடுக்கவில்லை. "குடுன்றேன்ல" என்றாள், லோகா அக்காவின் குரலில் அப்படியே. மேடம் சிரித்துவிட்டார். இன்னும் போக வேண்டியது நிறைய இருக்கிறதாம், கேள்வி கேட்க வரவில்லை, மற்ற பிள்ளைகளோடு சேரவில்லை, தொடர்ந்து வர வேண்டும் என்றார். வருவோம்.

11 ஜூன், புதன்

வண்டி லேட். வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிப்போயிற்று. தெருவில் நுழையும்போதே பவ்யா அழுகிற சத்தம். வாசலுக்கு ஓடி வந்தாள், பின்னால் லோகா அக்கா கையில் ஈரத்துணியோடு. இன்னா ஆச்சு என்று நான் அக்காவைக் கேட்கப் போனேன். அக்கா பவ்யாவைப் பார் என்று கண்ணைக் காட்டினாள்.

பவ்யா விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மா, கதவு கட்ச்சிருச்சி. இந்த வெரலு நோவுது."

நான் பார்த்த எந்த டி.வி.யிலும் கதவு யாரையும் கடித்ததில்லை. லோகா அக்காவும் சொல்லித் தரவில்லையாம், கேட்டுவிட்டேன்.

பையைத் தோளிலிருந்து இறக்காமல் அங்கேயே உட்கார்ந்து ஊதினேன்.

"இன்னும் நோவுதா?"

"நோவுது. இன்னும் ஊது."

ஊதினேன்.